தொலைந்த நாற்பத்து மூன்று படங்கள்

"கீழே உள்ள படத்தில் காட்டியபடி ஊசியைப் பிடிக்கவும்" என்று எழுதியிருந்தது. கீழே படம் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் அடுத்த வரி வந்து நின்றுகொண்டு, "இப்போது இதையே இடது கையால் செய்து பார்க்கவும்" என்று அதிகாரம் செய்தது. கமா கைபேசியில் பக்கத்தைத் தள்ளினான். படம் இரண்டும் இல்லை, மூன்றும் இல்லை. மொத்தம் நாற்பத்து மூன்று படங்கள். ஒன்றுகூட வரவில்லை. "படம் 1", "படம் 2" என்ற தலைப்புகள் மட்டும், பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் போல ஆங்காங்கே தனியாக நின்றன.

கமா என்பது அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. முன்பு அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தான். எதை நீட்டினாலும் ஒரு கமாவாவது போடாமல் திருப்பித் தரமாட்டான். பேச்சும் அப்படித்தான், நாலு சொல்லுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கும். இப்போது வீட்டிலிருந்தபடியே, மற்றவர்கள் கணினியில் தட்டித் தருகிற நூல்களைக் கைபேசியில் படிக்கும் மின்நூல்களாக மாற்றித் தருகிறான். இதுவரை இருநூறு புத்தகங்களாவது செய்திருப்பான். ஒன்றுகூட அவனை இப்படிப் படுத்தியதில்லை. அவற்றில் ஒன்றுகூட அவன் அக்கா எழுதியதும் இல்லை.

அக்காவுக்குத் தையற்கடை. 'கைத்தையல் முதல் காஜா வரை' என்று மூன்று வருஷமாக ஒரு புத்தகம் எழுதியிருக்கிறாள். பொத்தான் நுழைகிற ஓட்டையைச் சுற்றி நூல் கட்டுவதுதான் காஜா. அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தையல் பயிற்சிப் பள்ளியின் தலைமை அம்மாள் எழுத்தை மட்டும் படித்துப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை காலையில புது வகுப்பு ஆரம்பிக்குது. அதுக்குள்ள புத்தகம் வந்துட்டா அம்பது பேர் போன்லயும் ஏத்திடறேன். ஆனா படம் தெளிவா இருக்கணும். படம் இல்லாத தையல் புத்தகம் எனக்கு வேண்டாம்" என்று சொல்லியிருந்தார். அக்கா இதைத் தெருவில் சொல்லாத ஆள் பாக்கியில்லை. அன்றைக்குப் புதன்கிழமை. கமா மடிக்கணினியை இடுக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பினான்.

தனியாகத்தான் கிளம்பினான். எட்டு மாதமாகத் தனியாகத்தான் போய்வருகிறான். அவன் மனைவி அந்தக் கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். அக்கா தைக்கத் தைக்கப் படம் எடுத்ததும், அக்கா சொல்லச் சொல்லக் கணினியில் தட்டியதும், படங்களை இடம் பார்த்து வைத்ததும் அவள்தான். திடீரென்று ஒருநாள் அக்கா, "இனிமே என் புத்தகத்தை நானே பாத்துக்கறேன்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மனைவியும் ரோஷக்காரி. மறுவாரமே மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். காரணம் கமாவுக்குத் தெரியாது, மனைவிக்கும் தெரியாது. அக்காவுக்குத் தெரியும், அவள் வாயைத் திறக்க மாட்டாள்.

கடையில் அக்கா கழுத்தில் அளவு நாடாவோடு நின்றுகொண்டிருந்தாள். அகலமான வெட்டுமேசை, பொத்தான் நிறைந்த கண்ணாடிச் சீசாக்கள், ஓரமாக ஒரு பழைய கணினி. இரண்டு தையல் எந்திரங்களில் ஒன்று துணி போட்டு மூடிக் கிடந்தது. அது யாருடையது என்று கமா கேட்கவில்லை, எட்டு மாதமாகக் கேட்டதில்லை.

"படம் எங்கடா?" என்றாள் அக்கா, அவன் உட்காரும் முன்பே.

"அதைத்தான், நானும், கேக்க வந்தேன்."

"கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்கு. நேத்துகூட அச்செடுத்துப் பாத்தேன், ஜம்முனு வந்துது. உன் மிஷின்தான் முழுங்கிருக்கு."

படம் காணாமல் போவதற்குக் கமாவுக்குத் தெரிந்து ஏழெட்டுக் காரணங்கள் உண்டு. படம் அளவுக்கு மீறிக் கனமாக இருக்கலாம். மின்நூல் ஏற்காத வகையாக இருக்கலாம். அதையெல்லாம் வரிசையாகப் பார்த்தான். எல்லாம் ஒழுங்காக இருந்தது, அதுதான் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. கடைசியில், முதல் படத்தின் மேல் சுட்டியை வைத்து அழுத்தி லேசாக இழுத்தான். மேசை விரிப்பை இழுத்தமாதிரி படம் அப்படியே நகர்ந்தது. அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு பெட்டி இருந்தது.

"இது என்னக்கா பெட்டி?"

"ஒட்டு."

"ஒட்டா?"

"துணி கிழிஞ்சா என்ன பண்ணுவோம்? அளவா ஒரு துண்டு வெட்டி மேல வெச்சுத் தைப்போம். அதான் பண்ணேன். வெள்ளையா ஒரு பெட்டி வரைஞ்சு, அதுக்குள்ள போட்டோவை வெச்சேன். நாப்பத்து மூணும் அப்படித்தான்."

கமா தலையில் கைவைத்துக்கொண்டான். "காகிதத்துல இது வரும். ஆனா, மின்நூலா மாத்தறப்போ, மேல மிதக்கற பெட்டி எதையும், அது கணக்குல எடுத்துக்காது. பெட்டியோட சேத்து, படத்தையும் வெளிய தள்ளிடும். படம் எழுத்து மாதிரி, வரியோட வரியா உக்காரணும்."

"இவ்வளவுதானே? எடுத்து உக்கார வை."

உட்கார வைத்தான். எழுத்தை மட்டும் ஒரு புதுக் கோப்பில் நகல் எடுத்துக்கொண்டு, நாற்பத்து மூன்று பெட்டிகளிலிருந்தும் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிக்குள் இறக்கினான். முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, எதில் என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூட அவன் நிற்கவில்லை. மறுபடி மாற்றி, கைபேசியில் திறந்தான். படங்கள் வந்துவிட்டன. அக்கா பெருமையோடு எட்டிப் பார்த்தாள். கமாவின் சந்தோஷம் முதல் படத்தோடு முடிந்துபோயிற்று.

முதல் படத்தில் பாதிக்கு மேல் கட்டைவிரல். இரண்டாவதில் ஊசி ஒரு சோப்புக் கட்டியில் குத்தி நிறுத்தப்பட்டிருக்க, நூல் எங்கோ மங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. ஒன்பதாவதில் கத்தரிக்கோலும் ஒரு முழங்கையும் இருந்தன. பதினேழாவதில் கூரை விளக்கு மிகத் தெளிவாக விழுந்திருந்தது.

"இதை யாருக்கா எடுத்தது?"

"நான்தான். ஒரு கையால போனைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால தைச்சேன். ரெண்டு கை வேலைக்குப் போனைத் தாடைக்கடியில இடுக்கிக்கிட்டேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா உனக்கு?"

"கஷ்டம் தெரியுது. தையல்தான் தெரியலை." கமா நிமிர்ந்து பார்த்தான். "இதைக் கொண்டுபோனா, அந்தம்மா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. முன்னாடி எடுத்த படமெல்லாம் எங்கே? அவ எடுத்தாளே?"

அக்கா இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். ஏற்கெனவே இஸ்திரி போட்ட சட்டை ஒன்றை விரித்து மறுபடியும் தேய்த்தாள்.

"அதெல்லாம் போச்சு."

கம்ப்யூட்டரில் இருந்தது எப்படிப் போகும்? கமா அக்கா கொடுத்த பழைய கோப்பைத் திறந்து, முதல் ஒட்டை ஓரமாக இழுத்து நிறுத்தினான். அடியில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. இரண்டாவது ஒட்டை இழுத்தான், அங்கேயும் அதே குறி. மூன்றாவதிலும் அதேதான்.

"பாத்தியா?" அக்காவின் குரல் உடைந்திருந்தது. "நல்லா பாத்துக்கோ. உன் பொண்டாட்டி வேலை. சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். நீயே பாத்துட்டே."

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. தைத்த துணியைச் சோதிக்கும்போது, தேறாதது என்று பட்டால் அதன் மேல் சிவப்புச் சுண்ணக்கட்டியால் பெரிதாக ஒரு பெருக்கல் போட்டு ஒதுக்கிவிட வேண்டும். வாடிக்கையாளர் கையில் குறையோடு எதுவும் போகக் கூடாது என்று அக்கா கண்டிப்பாக வைத்த விதி. ஆறு வருஷமும் அந்தச் சுண்ணக்கட்டி மனைவியின் கையில்தான் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் ஒருநாள் அவள், "படத்துல சிலது தேறாது அண்ணி, திரும்ப எடுக்கணும்" என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் புத்தகத்தை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறாள், கடைசி அத்தியாயத்தை அக்கா கடையிலிருந்தே எழுதட்டும் என்று. அக்கா ஆசையாகத் திறந்தாள். நாற்பத்து மூன்று படங்கள் இருந்த இடத்திலும் நாற்பத்து மூன்று பெருக்கல்.

"சிலது தேறாதுன்னா சொல்லு, நான் என்ன கடிச்சா தின்னுடப் போறேன்? ஒண்ணு விடாம அடிச்சு வெச்சிருக்கா. என் கையைப் பாத்து வேலை கத்துக்கிட்டவ. என் கை மொத்தமும் தேறாதுன்னு சொல்லிட்டா." அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதான் மூடி ஒட்டுப் போட்டேன். அந்தச் சிவப்பை என்னால பாக்க முடியலை."

கமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டத்துக்குள், குறிக்குப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்தமாதிரி பொடி எழுத்தில் ஏதோ இருந்தது.

"அக்கா, இதைப் படிச்சியா?"

"அழுதுகிட்டே பொடி எழுத்தைப் படிக்கச் சொல்றியா?"

கமா அதைப் பெரிதாக்கினான். பிறகு வாழ்க்கையில் முதல்முறையாக மூச்சு விடாமல் பேசினான். "இது கம்ப்யூட்டர் போடற குறிக்கா அவ போடலை இந்த ஃபைலுக்குள்ள படமே இல்லை படத்தோட விலாசம் மட்டும்தான் இருக்கு ஃபைல் கனமாயிடக் கூடாதுன்னு அவ படத்தைத் தன் லேப்டாப்லயே வெச்சுட்டு இங்கேர்ந்து ஒரு இணைப்பு மட்டும் குடுத்திருக்கா அங்க திறந்தா படம் தெரியும் நீ இங்க திறந்துட்டே அது விலாசத்துல போய்த் தட்டிப் பாத்துட்டு அங்க ஆள் இல்லைன்னு வந்து சொல்லுது அவ்வளவுதான்."

இஸ்திரிப் பெட்டியை அக்கா நிமிர்த்தி வைத்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"எல்லார் கம்ப்யூட்டர்லயும் இப்படித்தான் போடுமா?"

"எல்லார் கம்ப்யூட்டர்லயும்."

"சிவப்புலயா?"

"சிவப்புலதான்."

அக்கா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "டேய், அவகிட்ட இதைச் சொல்லித் தொலைக்காதே. பேசாம அவ லேப்டாப்லேர்ந்து படத்தை எடுத்துட்டு வந்துடு" என்றாள்.

கமாவுக்குத் தெரியும், இது நடக்கிற காரியம் இல்லை என்று. பொய் சொல்ல ஆரம்பித்தால் அவன் பேச்சில் கமாக்கள் இரட்டிப்பாகிவிடும்.

சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவன், "உன், லேப்டாப், கொஞ்சம், சும்மா, ஒரு, வேலையா" என்றான்.

"அண்ணி என்ன சொன்னாங்க?" என்றாள் அவள். கணவனின் அக்காவை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள், பேசாமல் இருந்த எட்டு மாதமும் உட்பட.

அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். சோப்புக் கட்டி வந்ததும் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கூரை விளக்குக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சிவப்புப் பெருக்கலைச் சொன்னதும் சிரிப்பு பாதியில் நின்றது. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, கையிலிருந்த பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எட்டு மாசமா, நான் என்ன தப்பு பண்ணேன்னு தேடிக்கிட்டிருக்கேங்க. பேசினது ஒவ்வொண்ணா நினைச்சு நினைச்சுப் பாத்தேன். பஸ்ல போறப்போகூட. ஒண்ணுமே கிடைக்கலை." மூக்கை உறிஞ்சினாள். "படம் என்கிட்ட இருக்கு, ஃபைல்ல இருக்காதுன்னு சொல்லணும்னு நினைச்சேன். அன்னிக்குக் கடையில கூட்டம், மறந்துட்டேன்."

"படத்தைக் குடுத்துடறியா?"

"குடுக்கறேன். அவங்க வாயால கேக்கட்டும்."

"அக்கா கேக்க மாட்டா. உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவள் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள். "சரி. அப்போ நான் போய்க் கேக்கறேன்."

"நீ, என்னத்தைக் கேக்கப்போறே?"

"ஏன் கேக்கலைன்னு."

மறுநாள் வியாழக்கிழமை. கண்ணாடிக் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் முன்னால் போக, கமா ஒன்றும் தெரியாதவன் மாதிரி பின்னால் போனான். அக்கா அவளைப் பார்த்ததும் தம்பியை ஒரு முறை முறைத்தாள். தம்பி பொத்தான் சீசாக்களை எண்ண ஆரம்பித்தான்.

"ஏன் அண்ணி கேக்கலை?" மனைவி வாசலிலேயே நின்று கேட்டாள். "ஏண்டி இப்படிப் பண்ணேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன்ல?"

"கேட்டேன்" என்றாள் அக்கா.

"எப்போ கேட்டீங்க?"

"மனசுக்குள்ள. தினமும்தான் கேட்டேன்." அக்கா அளவு நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். "வெளிய கேட்டா, ஆமா அண்ணி, உங்க கைவேலை தேறாதுன்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துது."

மனைவி உள்ளே வந்தாள். வெட்டுமேசையில் மடிக்கணினியை வைத்துத் திறந்தாள். திரையில் முதல் படம் வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு கைகள். ஊசியின் கண்ணும் அதில் நுழைகிற நூலின் நுனியும் துல்லியமாகத் தெரிந்தன. அக்கா கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"முதல்ல கண்ணாடியைப் போடுங்க அண்ணி. இனிமே எதையும் கண்ணாடி இல்லாம பாக்காதீங்க."

அக்கா போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். பத்துப் பதினைந்து படம் போனதும், "என் கை இவ்வளவு நல்லாவா இருக்கு?" என்று கேட்டாள். அதை யாரிடம் கேட்டாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல ஆறு படம் தேறாது."

இப்போதுதானே ஒரு வழியாக முடிந்தது, இவளுக்கு ஏன் இந்த வேலை என்று கமா நினைத்தான். அக்கா நிமிர்ந்தாள். மூக்கு விடைத்தது. பிறகு மூலைக்குப் போய், மூடிக் கிடந்த எந்திரத்தின் மேலிருந்த துணியை ஒரே இழுப்பில் உருவினாள். அடியில் எந்திரம் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்றிருந்தது. எட்டு மாதமாக யாரும் தொடாத எந்திரம் மாதிரி இல்லை.

"உக்காரு. எந்த ஆறுன்னு சொல்லு, எடுத்துடுவோம்."

அஞ்சு படங்களைத் திரும்ப எடுத்தார்கள். மனைவி எடுக்க, அக்கா தைக்க, கமா விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னும் மேலே", "இன்னும் கீழே" என்று இரண்டு பேரிடமும் மாறி மாறி வாங்கிக் கட்டிக்கொண்டான். ஆறாவதாக அவள் காட்டியது முப்பத்தொன்றாம் படம். காஜா எடுக்கிற படம் அது, தையல் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் எடுத்தவளின் நிழல் துணியின் ஓரத்தில் விழுந்திருந்தது.

"இது என் நிழல் அண்ணி. அசிங்கமா இருக்கு, அடிச்சுடலாம்."

"தையல் தெரியுதில்ல? அது அப்படியே இருக்கட்டும்" என்றாள் அக்கா. அவள் சொன்னால் சொன்னதுதான்.

மத்தியானம் கமா வேலையில் இறங்கினான். வெள்ளை ஒட்டுகளையெல்லாம் பிரித்து எறிந்தான். இணைப்புகளைத் துண்டித்து, நாற்பத்து மூன்று படங்களையும் கோப்புக்குள்ளேயே, வரியோடு வரியாகக் குடிவைத்தான். பிறகு மாற்றினான். மூன்று பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு ஒரே கைபேசியில் பார்த்தார்கள். "படம் 1" என்ற தலைப்புக்கு மேலே படம் இருந்தது. கடைசிப் படம் வரை பார்த்த பிறகுதான் அக்கா மூச்சை விட்டாள். நாலு மணிக்குப் புத்தகம் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை பயிற்சிப் பள்ளியின் பெரிய அறையில் ஐம்பது பெண்கள் ஐம்பது கைபேசிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். தலைமை அம்மாள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "படம் ரொம்பத் தெளிவு" என்று சொல்லிவிட்டார். அக்கா மேடையில் நின்றாள். அவள் கட்டியிருந்த புடவைக்கு முதல் நாள் சாயங்காலம் ஓரம் அடித்துக் கொடுத்தது மனைவி. மனைவியும் கமாவும் கதவோரம் நின்றுகொண்டிருந்தார்கள்.

"முப்பத்தொண்ணாம் படத்தை எடுங்க" என்றாள் அக்கா.

கடைசி வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். ரொம்பப் பழைய கைபேசி. "எனக்குப் படம் இல்லைங்க. வெறும் கட்டம்தான் இருக்கு. புத்தகத்துல தப்பா?"

நாற்பத்து மூன்றையும் கமா எத்தனை தடவை சரிபார்த்தான். அவன் அடியெடுத்து வைப்பதற்குள் அக்கா மேடையிலிருந்து இறங்கி, கடைசி வரிசைக்கே போய்விட்டாள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தக் கட்டத்தைப் பார்த்தாள்.

"தப்பு இல்லம்மா. யாரும் அடிக்கலை. படம் வந்துட்டிருக்கு. வரலைன்னா குடுத்தவங்களைக் கேளு. கேக்காம மட்டும் இருந்துடாதே." சொல்லும்போது அந்தப் பெண்ணைப் பார்க்காமல் கதவோரத்தைப் பார்த்தாள். "நான் அப்படித்தான் இருந்தேன். எட்டு மாசம் வீணாப் போச்சு."

அந்தப் பழைய கைபேசி யோசித்து யோசித்துப் படத்தை மேலிருந்து கீழாக இறக்கியது. முதலில் விரல்கள் வந்தன, பிறகு ஊசி, பிறகு காஜா. கடைசியாகத் துணியின் ஓரத்தில் அந்த நிழல் வந்து சேர்ந்தது.

"இது யாருங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

அக்கா கதவைப் பார்த்துக் கையை நீட்டினாள். "இங்க வா, உன்னைத்தான் கேக்கறாங்க."